ஆங்கிலோ-சாக்சன் ஒரே மொழியா? பழைய ஆங்கிலத்தோட நாலு வட்டார வழக்குகள்

ஆங்கிலோ-சாக்சன்னும் சொல்ற பழைய ஆங்கிலத்தைக் கத்துக்கணும்னு ஆசைப்பட்டு ஒரு பாடப் புத்தகத்தை வாங்கினீங்கன்னா, அதுல இலக்கணம், சொல் பட்டியல், பயிற்சின்னு இருக்கற அத்தனையும் அனேகமா வெஸ்ட் சாக்சன்ங்கற ஒரே ஒரு வட்டார வழக்காத்தான் இருக்கும். தெற்கு இங்கிலாந்துல வின்செஸ்டர் பக்கம் இருந்த ராஜாக்களும் மடத்துச் சாமியார்களும் எழுதின வழக்கு அது. ஆனா இன்னைக்கு உலகம் பூரா பேசற ஆங்கிலம் அதுக்கு நேர் வாரிசு கிடையாது, வேற ஒரு வழக்குலேர்ந்து வளர்ந்தது, இதைப் பல பாடப் புத்தகங்கள் முன்னுரையில ஒரு வரியில சொல்லிட்டுக் கடந்துடும். எனக்கு இந்த ஒரு வரிதான் மொத்தக் கதையிலயும் முக்கியமானதா படுது, அதனால அதையே கொஞ்சம் விரிவா எழுதறேன்.

முதல்ல பேர் விஷயம். கி.பி. 410 வாக்குல ரோமானியர்களோட ஆட்சி பிரிட்டன்ல முடிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் வட கடலைத் தாண்டி இன்னைக்கு டென்மார்க், வட ஜெர்மனி, நெதர்லாந்து இருக்கற கரையிலேர்ந்து ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து குடியேறினாங்க. 731-ல தன்னோட சரித்திரத்தை எழுதி முடிச்ச பீட்ங்கற துறவி இவங்களை மூணா பிரிக்கறார்: ஜூட்ஸ் கென்ட்லயும் வைட் தீவுலயும், சாக்சன்கள் தெற்குல, ஆங்கிள்கள் நடுவுலயும் வடக்குலயும். எஸ்ஸெக்ஸ்னா கிழக்கு சாக்சன், ஸஸ்ஸெக்ஸ்னா தெற்கு சாக்சன், வெஸெக்ஸ்னா மேற்கு சாக்சன், இந்தப் பேர்கள்லயே அது பதிஞ்சிருக்கு. நிஜத்துல இவ்வளவு சுத்தமா கோடு கிழிச்ச மாதிரி இருந்திருக்காது, வந்த இடத்துல எல்லாம் கலந்துதான் இருந்திருப்பாங்க. ஆனா வந்தவங்க ஏதோ கொஞ்சம் பேர் மட்டும் இல்லங்கறது இப்ப தெளிவா இருக்கு, 2022-ல வெளியான பழங்கால டிஎன்ஏ ஆய்வு ஒண்ணு, கிழக்கு, தெற்கு இங்கிலாந்துல அந்தக் காலத்துல புதைக்கப்பட்டவங்களோட வம்சாவளியில சராசரியா முக்கால் பங்கு வட கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு காட்டுச்சு.

இதுல ஒண்ணு கவனிக்கணும். வெஸெக்ஸ் ராஜா ஆல்ஃப்ரெட் ஒரு சாக்சன். ஆனா அவரே தன்னோட மொழியை 'எங்லிஷ்'னுதான் எழுதறார், அதாவது ஆங்கிள்களோட பேர்ல. பக்கத்துல இருந்த வேல்ஸ்காரங்களோ எல்லாரையும் சேர்த்து சாக்சன்னு சொன்னாங்க, இன்னைக்கும் வேல்ஸ் மொழியில ஆங்கிலத்துக்குப் பேர் 'சைஸ்னெக்'. ஆக வந்தவங்க வேற வேற கூட்டமா இருந்தாலும், பேசறது ஒரே மொழிங்கற எண்ணம் அவங்களுக்குச் சீக்கிரமே வந்திருக்கு. பேசின விதம்தான் ஊருக்கு ஊர் வேற.

நாலு பெரிய வழக்கு. ஹம்பர் நதிக்கு வடக்கே ஸ்காட்லாந்தோட தென்கிழக்கு வரைக்கும் நார்தம்ப்ரியன். ஹம்பருக்கும் தேம்ஸுக்கும் நடுவுல மெர்சியன். தென்கிழக்கு மூலையில கென்டிஷ். தேம்ஸுக்குத் தெற்கே மேற்கு வரைக்கும் வெஸ்ட் சாக்சன். நாலுன்னு நாம எண்றது கையெழுத்துப் பிரதி எங்க கிடைச்சிருக்கோ அதை வச்சுத்தான். கிழக்கு ஆங்கிலியா ஒரு தனி ராஜ்ஜியம், சட்டன் ஹூவுல 1939-ல தோண்டி எடுத்தாங்களே, 27 மீட்டர் நீளக் கப்பலோட ஒரு ராஜாவைப் புதைச்ச இடம், அவ்வளவு செல்வாக்கான நாடு, ஆனா அவங்க வழக்குல எழுதினது கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சல. தங்கம் மண்ணுக்குள்ள 1300 வருஷம் பத்திரமா இருந்துச்சு, ஏடுகள் போயிடுச்சு.

ஆரம்பத்துல முன்னாடி நின்னது வெஸெக்ஸ் இல்ல. ஆங்கிலத்துல நமக்குக் கிடைச்ச பழைய உரைநடைன்னா அது கென்ட் ராஜா ஏதல்பெர்ட்டோட சட்டம், 600-ஐ ஒட்டி எழுதினது, 597-ல அகஸ்டின்ங்கற துறவி ரோம்லேர்ந்து கிறிஸ்தவத்தோட வந்து இறங்கின கொஞ்ச நாளைக்குள்ளேயே. நமக்குக் கிடைச்சிருக்கறது 12-ம் நூற்றாண்டுல ரோச்செஸ்டர்ல எடுத்த பிரதி. அதைப் படிச்சா அந்தச் சமூகம் எப்படி யோசிச்சுதுன்னு அப்படியே தெரியும்: கட்டை விரலை வெட்டினா 20 ஷில்லிங், சுண்டு விரலுக்கு 11, முன் பல்லு ஒவ்வொண்ணுக்கும் 6. உடம்புல உச்சந்தலையிலேர்ந்து கால் நகம் வரைக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு விலை போட்டு வச்சிருக்காங்க. கொலைக்கும் விலை உண்டு, அதுக்குப் பேர் 'வெர்கில்ட்', செத்தவனோட அந்தஸ்தைப் பொறுத்து அது மாறும். இது கொடூரமா தெரியலாம், ஆனா அந்தக் காலத்துல இதுக்கு மாற்று ரெண்டு குடும்பமும் தலைமுறை தலைமுறையா பழிக்குப் பழி வாங்கிக்கறது. பணத்தைக் கொடுத்து அதோட நிறுத்துன்னு ஒரு ராஜா சொல்றது, அதுவும் லத்தீன்ல இல்லாம ஜனங்க பேசற பாஷையில எழுதி வைக்கறது பெரிய விஷயம்.

அடுத்து நார்தம்ப்ரியா. 7-ம் நூற்றாண்டோட கடைசியிலேர்ந்து 8-ம் நூற்றாண்டு நடு வரைக்கும் வட ஐரோப்பாவுல படிப்புக்குப் பேர்போன இடங்கள்ல இதுவும் ஒண்ணு. ஜாரோ மடத்துல பீட், லிண்டிஸ்ஃபார்ன் தீவுல ஓவியம் தீட்டின சுவிசேஷம், விட்பியில ஹில்ட்ங்கற பெண்மணி தலைமையில ஆணும் பெண்ணும் சேர்ந்து இருந்த மடம். அந்த விட்பி மடத்துல மாடு மேய்ச்ச கேட்மன்ங்கறவர் பாடினதா பீட் சொல்ற ஒன்பது வரிப் பாட்டுதான் இன்னைக்கு நம்ம கையில இருக்கற ரொம்பப் பழைய ஆங்கிலக் கவிதைகள்ல ஒண்ணு. பீட் தன் புத்தகத்துல அதோட பொருளை லத்தீன்ல மட்டும்தான் சொன்னார். அவர் செத்து ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள, அதாவது 737 வாக்குல, எடுத்த ஒரு பிரதியில, கடைசிப் பக்கத்துல யாரோ ஒருத்தர் மூல ஆங்கிலப் பாட்டை நார்தம்ப்ரிய வழக்குலேயே எழுதி வச்சிருக்கார். அது மட்டும் நடக்கலன்னா அந்த வடிவம் நமக்கு எவ்வளவு தூரம் கிடைச்சிருக்கும்னு யோசிச்சா பகீர்னு இருக்கு.

அந்தப் பாட்டோட முதல் வரியைப் பாருங்க, 'விண்ணரசோட காவலனை நாம இப்ப போற்றணும்'ங்கறதுதான் அர்த்தம். நார்தம்ப்ரியன்ல காவலனுக்கு 'வார்ட்'. அதே பாட்டைப் பின்னாடி வெஸ்ட் சாக்சன்ல எழுதினவங்க 'வெயார்ட்'ங்கறாங்க, அதாவது 'ஆ' இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு உயிரோசை உடைஞ்சு வருது. இது ஏதோ ஒரு சொல்லுல நடந்த விஷயம் இல்ல, 'ர்', 'ல்' மாதிரி ஒலியும் அது பின்னாடி இன்னொரு மெய்யும் வந்தா தெற்குல இப்படி உடையும், வடக்குலயும் நடுவுலயும் பல சொல்லுல உடையாது. வயசானதுக்கு வெஸ்ட் சாக்சன்ல 'எயால்ட்', நடுநாட்டுலயும் (அதாவது மெர்சியன்லயும்) வடக்குலயும் 'ஆல்ட்'. இன்னைக்கு நாம சொல்ற 'ஓல்ட்' ரெண்டாவதுலேர்ந்து வந்தது. குளிருக்குச் சொல்ற 'கோல்ட்'-ம் அப்படித்தான், வெஸ்ட் சாக்சன்ல அது 'ச்செயால்ட்', அந்த வழக்கே ஜெயிச்சிருந்தா இன்னைக்கு அந்தச் சொல் 'க'வுல ஆரம்பிக்காம 'ச்ச'வுல ஆரம்பிச்சிருக்கும். சின்னச் சின்ன ஒலிதான், ஆனா யார் பிள்ளை யார்ங்கறதை இந்த மாதிரி ஒலிகள்தான் காட்டிக் கொடுக்குது.

அந்தக் கவிதையோட கட்டுமானத்தையும் சொல்லணும், ஏன்னா தமிழ் யாப்பு தெரிஞ்சவங்களுக்கு இது உடனே பிடிபடும். அடி முடிவுல இயைபு கிடையாது, மோனைதான் எல்லாம். ஒவ்வொரு வரியும் நடுவுல ரெண்டா பிரியும், பாதிக்கு ரெண்டு அழுத்தம், மொத்தம் நாலு. மூணாவது அழுத்தத்துல வர்ற ஒலிதான் தலைவன், முன்பாதியில ஒண்ணோ ரெண்டோ அதுக்கு மோனையா வரணும், நாலாவது வரக்கூடாது. உயிரெழுத்துன்னா எந்த உயிரும் எந்த உயிரோடயும் மோனை சேரும். இந்தக் கணக்குக்கு ஏத்த சொல் வேணும்ங்கறதாலேயே ஒரு பொருளுக்குப் பத்துப் பேர் வச்சிருந்தாங்க, உடம்பை 'எலும்பு வீடு'ங்கறது, கடலை 'திமிங்கிலப் பாதை'ங்கறது எல்லாம் இந்தத் தேவையிலயும் வளர்ந்ததுதான்.

793-ல வைக்கிங்குங்க, அதாவது டென்மார்க், நார்வே பக்கத்துலேர்ந்து கப்பல்ல வந்த கொள்ளைக்காரங்க, லிண்டிஸ்ஃபார்னைக் கொள்ளையடிச்சாங்க. அது ஆரம்பம். 865-ல பெரும்படை ஒண்ணு வந்து இறங்கி, கொள்ளையடிச்சுட்டுத் திரும்பிப் போகாம அங்கேயே தங்கிச்சு, 866-ல நார்தம்ப்ரியாவோட யார்க் விழுந்துச்சு, 869-ல கிழக்கு ஆங்கிலியா ராஜா எட்மண்டைக் கொன்னாங்க, 874-ல மெர்சியா ராஜா பர்க்ரெட் ரோமுக்கு ஓடிப்போனார். பத்து வருஷத்துக்குள்ள நார்தம்ப்ரியா, கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா, வெஸெக்ஸ்ங்கற நாலு ராஜ்ஜியத்துல மூணு காலி, மிஞ்சினது வெஸெக்ஸ். அதோட வடக்குலயும் கிழக்குலயும் எத்தனை மடத்து நூலகம் போச்சுன்னு சொல்லவே முடியாது. நார்தம்ப்ரியனும் மெர்சியனும் குறைவா எழுதின வழக்குகள்னு நினைச்சுக்கறது தப்பு, மிஞ்சினது குறைவு, அவ்வளவுதான்.

லிண்டிஸ்ஃபார்ன் துறவிகள் 875-ல புனித கத்பெர்ட்டோட உடலையும் புத்தகங்களையும் தூக்கிக்கிட்டுத் தீவை விட்டுக் கிளம்பி, ஏழெட்டு வருஷம் ஊர் ஊரா அலைஞ்சு செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டுல தங்கினாங்க. 10-ம் நூற்றாண்டு நடுவுல அங்க ஆல்ட்ரெட்னு ஒரு குருவானவர், அந்தப் பழைய லத்தீன் சுவிசேஷத்தோட ஒவ்வொரு லத்தீன் சொல்லுக்கும் மேல, வரிகளுக்கு நடுவுல, பொடிப் பொடி எழுத்துல தன் ஊர் வழக்குல அர்த்தம் எழுதினார். நாலு சுவிசேஷமும் முழுசா. ஆங்கிலத்துல மிஞ்சியிருக்கற பழைய சுவிசேஷ மொழிபெயர்ப்பு இதுதான். ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் பொருந்தும்னு தோணினா நடுவுல 'அல்லது'ன்னு குறி போட்டு ரெண்டையும் எழுதியிருக்கார், அவ்வளவு நேர்மை. கடைசியில இந்தப் புத்தகத்தை எழுதினது ஈட்ஃப்ரித், அட்டை கட்டினது ஏதல்வால்ட், நகை வேலை செஞ்சது பில்ஃப்ரித்னு பேர் பேரா குறிச்சு வச்சிருக்கார். லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியில இந்த ஏடு இருக்கு, படத்தைப் பெருசாக்கிப் பாத்தா அந்தப் பொடி எழுத்தைத் தெளிவா படிக்கலாம்.

ஆல்ட்ரெட்டோட எழுத்துல இன்னொரு புதையலும் இருக்கு. 'அவன் சொல்றான்', 'அவன் போறான்' மாதிரி வினைக்குக் கடைசியில தெற்குல 'த்' வரும். ஆல்ட்ரெட் பல இடத்துல 'ஸ்' போடறார். இன்னைக்கு 'ஹி கோஸ்', 'ஷி ஸேஸ்'னு பள்ளிக்கூடத்துல நமக்கு அடிச்சு அடிச்சுச் சொல்லிக்கொடுத்த அந்த 'ஸ்' இருக்கே, அது வடக்குலேர்ந்து ஒவ்வொரு ஊரா தெற்கு நோக்கி நகர்ந்து வந்ததுதான். லண்டனுக்கு அது வந்து நிலைக்கப் பல நூற்றாண்டு ஆச்சு, 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல இன்னும் பழைய 'த்'தான் இருக்கு. தோத்துப்போன ராஜ்ஜியத்தோட இலக்கணம் ஜெயிச்ச ராஜ்ஜியத்தோட மொழிக்குள்ள இப்படிப் புகுந்திருக்கு.

சரி, வெஸ்ட் சாக்சன் எப்படி மேல வந்துச்சு? 871-ல ஆல்ஃப்ரெட் ராஜாவானார். 878 ஜனவரியில திடீர்த் தாக்குதல்ல தப்பிச்சு சோமர்செட்டுல சதுப்பு நிலத்துக்கு நடுவுல இருக்கற ஏதல்னியில ஒளிஞ்சுகிட்டார், அதே வருஷம் மே மாசம் எடிங்டன்ல டேனிஷ் தலைவன் கூத்ரமைத் தோக்கடிச்சார். போரை விட எனக்கு முக்கியமா படறது அதுக்கப்புறம் அவர் செஞ்சது. 890 வாக்குல போப் கிரகோரியோட 'மேய்ப்பர் கடமை' நூலை ஆங்கிலத்துல மொழிபெயர்த்து அதுக்கு ஒரு முன்னுரை எழுதினார். ஹம்பருக்குத் தெற்கே தங்களோட வழிபாட்டை ஆங்கிலத்துல புரிஞ்சுக்கவோ, லத்தீன்ல வந்த ஒரு கடிதத்தை மொழிபெயர்க்கவோ தெரிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம், நான் பட்டத்துக்கு வந்தப்ப தேம்ஸுக்குத் தெற்கே ஒருத்தர் கூட ஞாபகத்துக்கு வரலன்னு வருத்தப்பட்டு எழுதறார். எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய புத்தகங்களை நம்ம மொழியில மாத்தணும், வசதியுள்ள சுதந்திரமான குடும்பத்துப் பசங்க எல்லாம் ஆங்கிலம் படிக்கக் கத்துக்கணும், இது அவர் போட்ட திட்டம். ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் ஒரு பிரதியும், கூட 50 மேங்கஸ் (அந்தக் காலத்துப் பொன் கணக்கு) மதிப்புள்ள ஒரு வாசிப்புக் கோலும், அதாவது படிக்கறப்ப வரியைச் சுட்டிக்காட்டற குச்சியும், அனுப்பினார். வூஸ்டருக்குப் போன பிரதி இன்னைக்கும் ஆக்ஸ்ஃபோர்டுல இருக்கு. 1693-ல சோமர்செட்டுல கிடைச்ச ஒரு தங்க நகையில 'ஆல்ஃப்ரெட் என்னைச் செய்யச் சொன்னார்'னு எழுதியிருக்கு, அது அந்த மாதிரி ஒரு கோலோட கைப்பிடின்னு பலரும் நம்பறாங்க.

இதுல பலர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. ஆல்ஃப்ரெட்டுக்கு உதவினவங்கள்ல ப்ளெக்மண்ட், வூஸ்டர் பிஷப் வெர்ஃபெர்த் எல்லாம் மெர்சியாக்காரங்க. வேல்ஸ்லேர்ந்து ஆசர், ஐரோப்பாக் கண்டத்துலேர்ந்து கிரிம்பால்ட். வெஸெக்ஸ்ல படிச்ச ஆள் இல்லாததால வெளியூர்லேர்ந்து கூட்டிட்டு வந்தார், அதனால அந்த ஆரம்ப வெஸ்ட் சாக்சன்லயே மெர்சிய வாடை அடிக்குது. அதை ஒரு தனி ஊரோட தூய வழக்குன்னு சொல்லவே முடியாது.

நிஜமான தரப்படுத்தல் அதுக்கு நூறு வருஷம் கழிச்சு வின்செஸ்டர்ல நடந்துச்சு. பிஷப் ஏதல்வோல்ட், அவரோட மாணவர் ஆல்ஃப்ரிக். ஆல்ஃப்ரிக் லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்துலேயே விளக்கிப் புத்தகம் எழுதினார், ஐரோப்பாவுல வேற எந்த ஜனங்க மொழியிலயும் அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு கிடைக்கல. எந்த லத்தீன் சொல்லுக்கு எந்த ஆங்கிலச் சொல்லைப் போடணும்ங்கறதுல கூட அந்த வட்டாரத்துல ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு. இந்த நடையிலதான் கென்ட்லயும் வூஸ்டர்லயும் யார்க்லயும் எழுத ஆரம்பிச்சாங்க. பழைய வடக்குக் கவிதைகளையும் இந்த நடைக்கு மாத்திப் பிரதி எடுத்தாங்க. பேவுல்ஃப் காவியம் 3182 வரி, 1000-ஐ ஒட்டி ரெண்டு பேர் சேர்ந்து எழுதின ஒரே ஒரு பிரதிதான் உலகத்துலயே இருக்கு, 1939-ம் வரியில முதல் ஆள் நிறுத்த ரெண்டாவது ஆள் தொடர்றார். முதல் ஆள் எழுத்தை நல்லா வெஸ்ட் சாக்சனா மாத்தியிருக்கார், ரெண்டாவது ஆள் பழைய உயிரோசைகளை அதிகமா அப்படியே விட்டிருக்கார். இப்படி மாத்தாம விட்ட மிச்சங்களை வச்சுத்தான் இந்தக் காவியம் முதல்ல ஆங்கிள்களோட நாட்டுல பிறந்ததுன்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. 1731-ல தீ விபத்துல அந்தப் பிரதியோட ஓரமெல்லாம் கருகிப்போச்சு. எக்ஸெட்டர் புத்தகம்னு இன்னொரு கவிதைத் தொகுப்பு, அதை யாரோ வெட்டுப் பலகையா வச்சுக் கத்தியால கீறியிருக்காங்க, மேல பாத்திரம் வச்ச கறையும் பின்பக்கத்துல சுட்ட ஓட்டையும் இருக்கு. இப்படி மயிரிழையில தப்பிச்சதைத்தான் நாம இலக்கியம்னு படிக்கறோம்.

1066-ல பிரான்ஸ்லேர்ந்து நார்மன்கள் படையெடுத்து வந்து ஆட்சியைப் பிடிச்சாங்க. அரண்மனையில பிரெஞ்சு, பத்திரத்துல லத்தீன். வின்செஸ்டர் நடையைக் கட்டிக் காக்க ஆளில்லாமப் போச்சு, அவனவன் தன் ஊர்ல எப்படிப் பேசறானோ அப்படி எழுத ஆரம்பிச்சான். பீட்டர்பரோ மடத்துல 1116-ல தீப்பிடிச்சு ஏடெல்லாம் எரிஞ்சதும், வேற இடத்துலேர்ந்து வருஷக்குறிப்பைக் கடன் வாங்கிப் பிரதி எடுத்தாங்க, அந்தப் பகுதி முழுக்க பழைய நடை. அதுக்கப்புறம் சொந்தமா 1154 வரைக்கும் எழுதிக்கிட்டே போனாங்க, அங்க வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்து, சொல் வரிசை இன்னைக்கு மாதிரி ஆகி, கிழக்கு நடுநாட்டு வழக்கு அப்படியே எட்டிப் பாக்குது. ஒரே ஏட்டுல ஒரு மொழி மாறுறதைக் கண்ணால பாக்கலாம்.

அந்தக் கிழக்கு நடுநாட்டுலேர்ந்துதான் 14-ம் நூற்றாண்டுல லண்டனுக்கு நிறைய பேர் பிழைக்க வந்தாங்க, லண்டன் பேச்சு மாறிச்சு, அரசு அலுவலக எழுத்தர்கள் அதை எழுதினாங்க, 1476-ல காக்ஸ்டன் அச்சகம் போட்டதும் அது நிலைச்சுப்போச்சு. அதோட வேர் மெர்சியன், கூடவே டேனிஷ்காரங்க குடியேறின ஊர்கள்ங்கறதால அவங்க சொல்லும் ஏராளம். 'தே', 'ஸ்கை', 'டேக்', 'எக்', 'லா' எல்லாம் அவங்க கொடுத்தது.

ஆனா லண்டன்ல எல்லா ஊர்க்காரங்களும் இருந்ததால மத்த வழக்குகளும் துண்டு துண்டா உள்ள வந்துச்சு. பழைய ஆங்கிலத்துல உதட்டைக் குவிச்சு 'இ' சொல்ற ஒரு உயிரோசை உண்டு. வடக்குலயும் கிழக்கு நடுநாட்டுலயும் அது பின்னாடி 'இ' ஆச்சு, கென்ட்ல 'எ' ஆச்சு, மேற்குல அப்படியே இருந்துச்சு, நார்மன்களுக்கு அப்புறம் அதை யு எழுத்தால எழுதினாங்க. இப்ப 'பிஸி'ங்கற சொல்லைப் பாருங்க: எழுதறது யு, மேற்கு வழக்கு, சொல்றது 'இ', நடுநாட்டு வழக்கு. புதைக்கறதுக்குச் சொல்ற 'பெரி': எழுதறது மேற்கு, சொல்றது கென்ட். கிறிஸ்மஸுக்குச் சொல்ற 'மெரி'யில எழுத்து, ஒலி ரெண்டுமே கென்ட். ஆண் நரி 'ஃபாக்ஸ்', பெண் நரி 'விக்ஸன்' ஏன்னா, தெற்குல 'ஃப்'பை 'வ்'னு சொல்லுவாங்க, பெண் நரிக்கு மட்டும் தெற்குச் சொல் ஒட்டிக்கிச்சு. ஸ்பெல்லிங் பைத்தியக்காரத்தனமா இருக்குன்னு நாம திட்டற பல இடங்கள்ல இந்தப் பழைய வட்டாரங்கள்தான் உக்காந்திருக்கு.

நார்தம்ப்ரியன் செத்துப்போகல. ஸ்காட்லாந்தோட தாழ்நிலத்துல பேசற ஸ்காட்ஸ் அதோட நேர் வாரிசு, வீட்டுக்கு 'ஹேம்', கல்லுக்கு 'ஸ்டேன்'னு சொல்றது தெற்குல 'ஓ'வா மாறின பழைய 'ஆ' வடக்குல வேற வழியில போனதோட அடையாளம். வழக்குகளை நேரடியா ஒப்பிட்டுப் பாக்கணும்னா கேட்மன் பாட்டோட நார்தம்ப்ரிய வடிவத்தையும் வெஸ்ட் சாக்சன் வடிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, ஒன்பதே வரி, வித்தியாசங்களைப் பென்சிலால கோடு போட்டுக்கிட்டே போனா நாலு வழக்குல ரெண்டு எப்படிப் பிரியுதுன்னு ஒரு சாயங்காலத்துல பிடிபட்டுடும், அடுத்து ஆல்ட்ரெட் எழுதின பக்கத்துக்குப் போகலாம்.